610 பேர் வந்தாங்க, ஒரு போன் கூட வரல: வெப்சைட் அனலிட்டிக்ஸ் நான் கத்துக்கிட்ட கதை

எங்க வீட்டுக்காரர் குடும்பத்துக்கு பவானியில ஜமக்காளம் வியாபாரம்ங்க. மாமா, அதாவது என் மாமனார், காலைல எட்டு மணிக்கு கடையத் தொறந்தார்னா ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் அங்கயேதான். 2023 தீபாவளி முடிஞ்ச கையோட கடைக்கு ஒரு வெப்சைட் போட்டோம், தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் வேர்ட்பிரஸ்ல செஞ்சு குடுத்தார், படமெல்லாம் நானே போன்ல எடுத்ததுதான், பட்டை பட்டையா கலர் தெரியணும்னு மொட்டை மாடியில வெயில்ல விரிச்சு வெச்சு எடுத்தேன். ஒரு மாசம் கழிச்சு செஞ்சு குடுத்தவர் ஹோஸ்டிங் பேனல்ல இருந்து, அதாவது சைட் இருக்கற சர்வரோட கன்ட்ரோல் பக்கத்துல இருந்து, ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புறார், 41,000 ஹிட்ஸ்னு. நான் சைட்டுக்கு வர்றவங்கள எண்ணுற கூகுள் அனலிட்டிக்ஸ தொறந்து பாத்தா 610 யூசர்ஸ்னு இருக்கு. சரி 610ன்னே வெச்சுக்குவோம், அதுவே பெருசுதானேன்னு சந்தோஷமா மாமாகிட்ட போய்ச் சொன்னேன். அவர் பில் புக்க மூடி வெச்சுட்டு கேட்டார், "ஏனுங்கம்மணி, அறுநூறு பேரு கடைக்குள்ள வந்துட்டுப் போனா பத்துப் பேராச்சும் வெல கேக்க மாட்டாங்களா? ஒரு போனும் வரலியே"ன்னு.

எனக்கு பதில் தெரியல. அந்த ஒரு கேள்விக்கு பதில் தேடித்தான் நான் அனலிட்டிக்ஸே கத்துக்கிட்டேன்னு சொல்லணும். கோர்ஸ் எதுவும் படிக்கல. அதனால புதுசா வெப்சைட் வெச்சிருக்கறவங்க, "எங்கிருந்து ஆரம்பிக்கறது"ன்னு முழிக்கிறவங்களுக்கு உபயோகப்படும்னு நடந்தத நடந்தபடி எழுதுறேன்.

மொதல்ல அந்த 41,000 என்னன்னு பாத்தேன். ஹோஸ்டிங் பேனல்ல இருக்கற ஏடபிள்யூஸ்டாட்ஸ் மாதிரி டூல் எல்லாம் சர்வர்கிட்ட யார் எதக் கேட்டாலும் பதிவாகற லாக் ஃபைலப் படிச்சு கணக்கு சொல்லுது. அதுல ஹிட்னா ஒரு ஆள் இல்லங்க, ஒரு ஃபைல். எங்க முதல் பக்கத்துல 32 படம், அது போக ஸ்டைல் ஃபைல், ஃபான்ட், ஸ்கிரிப்ட்னு எல்லாம் சேத்தா ஒரு ஆள் ஒரு தடவ பக்கத்தத் தொறந்தாலே 60 ஹிட்டுக்கு மேல விழுது. கூடவே ரோபோ, அதாவது ஆள் இல்லாம தானா ஓடற புரோகிராம், தேடுபொறி அனுப்புறது, யார்னே தெரியாத ரோபோ எல்லாமும் சர்வர் கதவத் தட்டுறதால அதுல நெறயவும் கணக்குல ஏறிடும். கூகுள் அனலிட்டிக்ஸ் அப்படி இல்ல, பக்கம் முழுசா பிரவுசர்ல ஓடி அதுல நாம ஒட்டி வெச்ச டேக்ங்கற சின்ன கோடு வேலை செஞ்சாத்தான் எண்ணும், தெரிஞ்ச ரோபோக்கள அதுவே கழிச்சிடும், ஆனா ஆட் பிளாக்கர் போட்டு வர்ற நிஜ மனுஷங்களும் அதுல விட்டுப் போயிடுவாங்க. ஆக இந்த ரெண்டு கணக்கும் என்னைக்கும் ஒத்துப் போகாது, ஒத்துப் போக வெக்கணும்னு மெனக்கெடவும் வேண்டாம். ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு அது மாசா மாசம் எப்படி மாறுதுன்னு பாத்தாப் போதும். ஹிட்ஸ் கணக்கக் காட்டி யாராச்சும் உங்ககிட்ட பெருமை பேசினா அத அப்படியே தள்ளி வெச்சிடுங்க.

அடுத்து யூடியூப்ல வீடியோ பாத்து பாத்து ரெண்டு வாரம் வீணாப் போச்சு. அவங்க காட்டுற மெனு எதுவும் என் ஸ்கிரீன்ல இல்ல. பொறவுதான் வெவரம் தெரிஞ்சுது, பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1ஆம் தேதியோட புது டேட்டா வாங்கறத நிறுத்திடுச்சு, இப்ப இருக்கறது ஜிஏ4, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸ் 4, ரெண்டும் எண்ணுற முறையே வேற. பழசுல பவுன்ஸ் ரேட்தான் எல்லாரும் பேசுவாங்க, இதுல எங்கேஜ்மென்ட் ரேட். ஒருத்தர் 10 செகண்டுக்கு மேல இருந்தாலோ, ரெண்டு பக்கம் பாத்தாலோ, நாம முக்கியம்னு குறிச்சு வெச்ச ஒரு காரியத்தப் பண்ணினாலோ அந்த செஷன, அதாவது அந்த ஒரு வருகைய, எங்கேஜ்டுன்னு எடுத்துக்கும், மிச்சமிருக்கறதுதான் பவுன்ஸ். அதனால வீடியோ பாக்குறதுக்கு முன்னாடி அது என்னைக்குப் போட்டதுன்னு தேதியப் பாருங்க, தயவு செஞ்சு.

சரி, 610க்கு வருவோம். என்னோட எங்கேஜ்மென்ட் ரேட் 97 சதவீதம்னு காட்டுச்சு. அதப் பாத்து மொதல்ல பூரிச்சுப் போனேன், ஆனா வந்த நூத்துல தொண்ணூத்தேழு பேரு ஆர்வமா பாத்துட்டு ஒருத்தரும் போன் பண்ணலன்னா எங்கயோ இடிக்குதேன்னு இப்ப சைட்ல யாரு இருக்காங்கன்னு காட்டுற ரியல்டைம் ரிப்போர்ட்ட ஒரு பக்கம் தொறந்து வெச்சுக்கிட்டு என் போன்ல வைஃபைய அணைச்சுட்டு முதல் பக்கத்த மட்டும் ஒரே ஒரு தடவ தொறந்தேன். பேஜ் வியூ ரெண்டுன்னு விழுந்துச்சு. இன்னொரு தடவ தொறந்தேன், நாலு. தீம் செட்டிங்ஸ்ல ஒரு டேக், அது போக வேர்ட்பிரஸ்ல கூடுதலா சேத்த ஒரு பிளகின்லயும் அதே டேக், ரெண்டும் ஒரே நேரத்துல ஓடிட்டு இருந்துருக்கு. ஒரு பக்கம் பாத்தாலே ரெண்டு பக்கம் பாத்த கணக்காயிடுது, ரெண்டு பக்கம்னா எங்கேஜ்டு, அதான் 97. பிளகின்ல இருந்தத எடுத்துட்டேன், அடுத்த வாரமே 52க்கு வந்துச்சு. உங்க கணக்கு நம்ப முடியாத அளவுக்கு நல்லா இருந்தா மொதல்ல இதச் சோதிச்சுப் பாருங்க, பத்து நிமிஷ வேலைதான்.

அப்புறம் நம்ம ஆளுங்க. நான் தெனமும் அஞ்சாறு தடவ சைட்டப் பாப்பேன், வீட்டுக்காரர் பாப்பார், சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் காட்டுவோம். இதெல்லாம் தெரிஞ்சதுதான். தெரியாம இருந்தது கடை பில்லிங் கம்ப்யூட்டர். அதுல பிரவுசரத் தொறந்தா எங்க சைட்டே மொதல் பக்கமா வர்ற மாதிரி யாரோ செட் பண்ணி வெச்சிருக்காங்க, கடைப் பையன் ஒவ்வொரு தடவ பிரவுசரத் தொறக்கும்போதும் ஒரு விசிட். இதுக்கு ஜிஏ4ல வழி இருக்கு, டேட்டா ஸ்ட்ரீம் செட்டிங்ஸ்ல போய் இன்டர்னல் டிராஃபிக்னு நம்ம ஐபி நம்பர, அதாவது நம்ம இன்டர்நெட் கனெக்ஷனோட அட்ரஸக் குடுக்கணும். நான் குடுத்துட்டு ஒரு மாசம் நிம்மதியா இருந்தேன், ஒண்ணும் குறையல. ஏன்னா அட்மின்ல டேட்டா ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, அது டெஸ்டிங் நிலைமையிலயே நிக்கும், நாமளா போய் ஆக்டிவ்னு மாத்தினாத்தான் வேலை செய்யும். மாத்துன நாள்ல இருந்துதான் கழிக்கும், பழசத் தொடாது. வீட்டு பிராட்பேண்டோட ஐபி அப்பப்ப மாறிக்கிட்டே இருக்கும்ங்கறதால அதுக்கு இது அவ்வளவா ஒத்து வரல, வீட்டுக் கம்ப்யூட்டர்ல கூகுளே குடுக்கற ஆப்ட் அவுட் எக்ஸ்டென்ஷனப் போட்டுட்டேன்.

இன்னொண்ணு, ஊர் வாரியா பாத்தப்ப ஆஷ்பர்ன்னு ஒரு அமெரிக்க ஊர்ல இருந்து நிறைய பேர். அமெரிக்காவுல நம்ம ஆளுங்க ஜமக்காளம் தேடுறாங்க போலன்னு ஆசையா இருந்துச்சு. அது வர்ஜீனியாவுல டேட்டா சென்டர் நெறஞ்ச ஊரு, வந்ததெல்லாம் ஒரு செகண்ட் கூட நிக்காத ரோபோ. ஊர்க் கணக்க ரொம்ப நம்பக்கூடாதுன்னு அப்பவே புரிஞ்சுது, பவானியில உக்காந்து மொபைல் டேட்டாவுல நானே தொறந்தா சென்னைன்னு காட்டுது. நாடு வரைக்கும் ஓரளவு சரியா இருக்கும், ஊர்ங்கறது குத்துமதிப்புதான்.

எல்லாத்தையும் கழிச்சு ஒரு மாசம் முழுசா ஓட விட்டுப் பாத்தேன். 170 பேரு. மனசு ஒடிஞ்சு போச்சுங்க. ஆனா மாமாகிட்ட சொன்னப்ப அவர் மொகத்துல ஒரு நிம்மதி, "இப்பத்தான் கணக்கு நம்புற மாதிரி இருக்குது"ன்னார். கடைக்காரர் இல்லயா, கல்லாவுல இருக்கற காசோட பில் புக் ஒத்துப் போனாத்தான் அவருக்குத் தூக்கமே வரும்.

ஆனா 170 பேர் வந்தாலும் போன் ஏன் வரல? இதுக்கு அனலிட்டிக்ஸ் நேரா பதில் சொல்லல. எத்தனை பேர் வந்தாங்க, எந்தப் பக்கம் பாத்தாங்கன்னு சொல்லுது, கான்டாக்ட் பக்கத்துக்கு 38 பேர் போயிருக்காங்கன்னும் சொல்லுது, அங்க போயி என்ன ஆனாங்கன்னு தெரியல. அப்பத்தான் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியப் போட்டேன், அது இலவசம், வந்தவங்க ஸ்கிரீன்ல எங்க தொட்டாங்க எவ்வளவு தூரம் கீழ போனாங்கங்கறத ரெக்கார்டிங்கா காட்டும், டைப் பண்ற விஷயங்கள மறைச்சுத்தான் காட்டும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து வரிசையா பத்து ரெக்கார்டிங் பாத்தேன். ஏழாவதா ஒருத்தர். மொபைல். முதல் பக்கத்துல மெதுவா கீழ போறார், செகப்பும் பச்சையும் போட்ட பெரிய ஜமக்காளப் படத்துல நிக்கிறார், ரெண்டு விரல்ல பெருசாக்கிப் பாக்குறார், அப்புறம் கான்டாக்ட் பக்கம். அங்க எங்க போன் நம்பர் பெருசா அழகா இருக்கும், டிசைனர் ஜமக்காளக் கரை மாதிரி பார்டர் போட்டு செஞ்சது. அவர் அந்த நம்பரத் தொடுறார். ஒண்ணும் ஆகல. திரும்பத் தொடுறார். மூணாவது தடவ அழுத்திப் பிடிக்கிறார், காப்பி பண்ணலாம்னு பாத்திருப்பார் போல. வரல. போயிட்டார்.

அந்த நம்பர் எழுத்து இல்ல, படம். நான் என் போன்ல ஒரு தடவ கூட அதத் தொட்டுப் பாத்ததில்ல, எங்க நம்பர்தானே எனக்குத் தெரியும்னு. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்க வந்தாரோ என்னமோ, விருப்பப்பட்டு நம்ம வாசப்படி வரைக்கும் வந்த மனுஷனுக்கு கதவு சுவத்துல வரைஞ்ச படமா இருந்துருக்கு. கிளாரிட்டியில இதுக்கு டெட் கிளிக்னே தனிக் கணக்கு இருக்கு, தொட்டும் ஒண்ணும் நடக்காத எடம். மொதல் நாளே அதப் பாத்திருந்தா ரெக்கார்டிங் பாக்காமலே தெரிஞ்சிருக்கும்.

அன்னைக்கு ராத்திரியே படத்த எடுத்துட்டு தொட்டா போன் போற லிங்க்கா மாத்தினேன், பக்கத்துலயே வாட்ஸப் பட்டன். இத எண்ணுறதுல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. ஜிஏ4ல என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துல 90 சதவீதம் கீழ போனது, வெளி சைட்டுக்கு கிளிக் பண்ணினது, ஃபைல் டவுன்லோடு பண்ணினது இதெல்லாம் தானா எண்ணிக்கும். வாட்ஸப் லிங்க் வெளி சைட்டுங்கறதால அதுல விழும், போன் லிங்க் விழாது. அதுக்கு டேக்குகள ஒரே எடத்துல வெச்சுப் பாத்துக்கற கூகுளோட டேக் மேனேஜர்ல போய் போன் லிங்க்கத் தொட்டா ஒரு இவென்ட் அனுப்புன்னு நாமளே சொல்லி வெக்கணும், அப்புறம் அத கீ இவென்ட்னு குறிக்கணும். 2024 மார்ச் வரைக்கும் இதுக்குப் பேரு கன்வர்ஷன், பழைய வீடியோவுல அப்படித்தான் சொல்லுவாங்க. நான் இதப் போட்டு வெச்ச மொத மாசம் 23 போன் கிளிக் விழுந்துச்சு, மாமா தன் நோட்டுல எழுதி வெச்சது 14 போன். கிளிக் பண்ற எல்லாரும் கூப்புடுறதில்ல, கை பட்டு கிளிக் ஆனதும் இருக்கும். அதனால நோட்ட நிறுத்த வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன், போன் எடுத்தா "எங்க பாத்துட்டு கூப்புடறீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதி வெக்கறார், இன்னைக்கும் என்கிட்ட இருக்கறதுலயே நல்ல அனலிட்டிக்ஸ் அந்த நோட்டுதான்னு நெனைக்கிறேன்.

பொறவு டைரக்ட் விஷயம். எங்க சைட்டுக்கு வர்றதுல பாதிக்கு மேல டைரக்ட்னு இருந்துச்சு. டைரக்ட்னா அட்ரஸ டைப் பண்ணி வர்றவங்கன்னு படிச்சிருந்தேன், பவானி ஜமக்காளக் கடை அட்ரஸ யாரு மனப்பாடமா டைப் பண்ணுவா? அப்படி இல்லைங்க, எங்கிருந்து வந்தாங்கன்னு தெரியாத எல்லாமே டைரக்ட்லதான் விழும், வாட்ஸப்ல அனுப்புற லிங்க்கும் பெரும்பாலும் அங்கதான். நாங்க வாட்ஸப் குரூப், ஸ்டேட்டஸ், கடையில ஒட்டின க்யூஆர், விசிட்டிங் கார்டு எல்லாத்துலயும் ஒரே லிங்க்கத்தான் குடுத்துருந்தோம். யூடிஎம் வால் சேக்கக் கத்துக்கிட்டது அப்பத்தான். லிங்க்குக்குப் பின்னாடி சோர்ஸ், மீடியம், கேம்பெயின்னு மூணு விஷயத்த ஒட்டி விடுறது, கல்யாண மொய் கவர் மேல யாரு குடுத்ததுன்னு பேர் எழுதற மாதிரிதான், பேர் எழுதாத கவர் எல்லாம் ஒரே குவியலாப் போயிடும். இந்த யூடிஎம்ல மொத எழுத்து அர்ச்சின்ங்கற கம்பெனியோட பேரு, கூகுள் 2005ல அத வாங்கித்தான் அந்த வருஷ நவம்பர்ல அனலிட்டிக்ஸ வெளியிட்டுச்சு.

யூடிஎம்ல நான் பண்ணின ரெண்டு தப்பையும் சொல்லிடுறேன். ஒண்ணு, நான் சின்ன எழுத்துல வாட்ஸப்னு போட்டேன், வீட்டுக்காரர் கேப்பிட்டல்ல ஆரம்பிச்சார், அது ரெண்டும் வேற வேறன்னு எடுத்துக்கிட்டு ரெண்டு வரியா காட்டுச்சு. இப்ப ஒரு ஷீட்ல எழுதி வெச்சு அதுல இருந்துதான் காப்பி பண்றோம், எல்லாமே சின்ன எழுத்து. ரெண்டாவது, நம்ம சைட்டுக்குள்ளயே ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போற பேனருக்கும் யூடிஎம் போட்டுட்டேன், அப்படிப் போட்டா அவங்க முதல்ல எங்கிருந்து வந்தாங்கங்கற கணக்கே குழம்பிடும். வெளியில இருந்து உள்ள வர்ற லிங்க்குக்கு மட்டும் போடுங்க. ஒரு மாசத்துல தெரிஞ்சுது, குரூப்ல அனுப்புறதுல ஒண்ணும் பெருசா இல்ல, நூறு பேர் பாத்தா ரெண்டு பேர் வருவாங்க. கடையில ஒட்டின க்யூஆர்ல இருந்து வர்றவங்கதான் ரொம்ப நேரம் நின்னு பாக்குறாங்க, ஊருக்குப் போயி வீட்டாள்கிட்ட காட்டறாங்கன்னு நெனைக்கிறோம். அதனால இப்ப ஒவ்வொரு பார்சல்லயும் க்யூஆர் போட்ட ஒரு துண்டுச் சீட்டு வெக்கறோம்.

ஆனா எங்களுக்கு அதிகமா கை குடுத்தது கூகுளோட இன்னொரு டூல், சர்ச் கன்சோல்தான். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது, ஜிஏ4 போட்ட அன்னைக்கே இதையும் போட்டுடுங்க, இன்னும் சொல்லப் போனா இத மொதல்ல போடுங்க, ஏன்னா நீங்க சேத்த நாளுக்கு அப்புறம்தான் டேட்டா சேர ஆரம்பிக்கும், 16 மாசம் வரைக்கும் வெச்சிருக்கும். ஜனங்க கூகுள்ல என்ன வார்த்தை போட்டுத் தேடினப்ப நம்ம சைட் கண்ணுல பட்டுச்சு, அதுல எத்தனை பேர் கிளிக் பண்ணாங்க, நாம எத்தனாவது எடத்துல வந்தோம்னு வரிசையா சொல்லுது. நாங்க "ஜமக்காளம்"னு எழுதி வெச்சிருக்கோம், ஜனங்க ஜமுக்காளம்னு தேடுறாங்க, சமக்காளம்னு தேடுறாங்க, பாதிப் பேர் இங்கிலீஷ் எழுத்துல தமிழ டைப் பண்ணித் தேடுறாங்க, அதுலயும் நாலு விதமான ஸ்பெல்லிங். அதவிட முக்கியமா ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, ஜமக்காளம் அளவு, ஜமக்காளம் சைஸ் அடி, இந்த மாதிரித் தேடல்ல நாம நிறைய தடவ காட்டப்பட்டிருக்கோம், கிளிக் ஏறக்கொறைய பூஜ்யம். எங்க சைட்ல கலர் இருக்கு, வெல இருக்கு, அளவு எங்கயும் ஒழுங்கா இல்ல!

மாமாகிட்ட கேட்டேன், எந்த அளவுல எத்தனை பேர் உக்காரலாம்னு. அவர் கடையிலயே ஒண்ண விரிச்சுப் போட்டு, கடைப் பையன், நான், பக்கத்துக் கடைக்காரர், வந்திருந்த கஸ்டமர் ரெண்டு பேர்னு எல்லாரையும் சம்மணம் போட்டு உக்கார வெச்சு எண்ணினார். ஆறுக்கு ஒம்போது அடி, ஒம்போதுக்குப் பன்னெண்டு அடின்னு ஒவ்வொண்ணுக்கும் ஆள் கணக்கு எழுதி போட்டோவோட ஒரு பக்கம் போட்டேன். மூணு மாசத்துல எங்க சைட்டுக்கு கூகுள்ல இருந்து அதிகமா ஆள் வர்ற பக்கம் அதுதான், கல்யாண மண்டபத்துக்காரங்க ரெண்டு பேர் அதப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டாங்க, நோட்டுல இருக்கு.

செட்டிங்ஸ்ல ரெண்டு விஷயம், மொத நாளே பண்ண வேண்டியது, நான் பண்ணல. டைம் ஜோன் அமெரிக்க நேரத்துலயே கெடந்துச்சு, அதனால நம்ம ஊர் மத்தியானம் பன்னெண்டரைக்கோ ஒண்ணரைக்கோ நாள் மாறும், காலைல வந்தவங்க நேத்துக் கணக்குல போயிடுவாங்க, மாமாவோட நோட்டோட தேதி எப்பவும் ஒத்தே போகாது. மாத்தினா அன்னையில இருந்துதான் சரியாகும். இன்னொண்ணு டேட்டா ரிடென்ஷன், டேட்டாவ எத்தனை நாள் வெச்சிருக்கணும்ங்கறது, அது ரெண்டு மாசம்னு இருக்கும், 14 மாசம்னு மாத்தலாம், காசு கெடையாது. சாதாரண ரிப்போர்ட்டுக்கு இதனால பிரச்சனை இல்ல, ஆனா எக்ஸ்ப்ளோர்ல போய் நாமளா ஒரு கணக்கு போட்டுப் பாக்கணும்னா அந்த ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இருக்கறது கெடைக்காது. ஆடியில விழுந்து ஆவணியில ஏறுதுல்ல எங்க வியாபாரம், முகூர்த்தம் வெச்சு ஓடறது, தை மாசக் கூட்டத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம்னு போனா தை காணோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

கடைசியா ஒண்ணு, இத லேசா எடுத்துக்காதீங்க. ஒரு நாள் பேஜ் ரிப்போர்ட்டப் பாக்கறப்ப ஒரு பக்கத்தோட அட்ரஸ்ல ஒரு அம்மாவோட பேரும் பத்து நம்பர் போனும் அப்படியே நிக்குது. எங்க என்கொயரி ஃபார்ம், நிரப்பினத எல்லாம் அட்ரஸ்லயே ஒட்டி அடுத்த பக்கத்துக்கு அனுப்புற மாதிரி செஞ்சிருந்தாங்க, அது அனலிட்டிக்ஸ்க்கும் போயிடுச்சு. கூகுளோட விதிப்படியே பேர், போன், மெயில் எதையும் அதுக்குள்ள அனுப்பக்கூடாது, நம்ம நாட்டுலயும் 2023ல தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. சட்டத்த விடுங்க, ஒரு ஜமக்காளம் வெல கேக்க வந்தவங்க நம்பர் இப்படி வெளிய போகலாமா? ஃபார்ம மாத்தி, டேட்டா ஸ்ட்ரீம்ல இந்த மாதிரி விஷயத்த மறைக்கற ரிடாக்ட்னு ஒரு வசதி இருக்கு, அதையும் போட்டு வெச்சேன். உங்க ஃபார்ம ஒரு தடவ நீங்களே நிரப்பி, அனுப்பினதும் மேல அட்ரஸ் பார்ல என்ன தெரியுதுன்னு பாருங்க.

இப்ப தெனமும் பாக்குறதில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடை சாத்தறதுக்கு முன்னாடி லேப்டாப்ப எடுத்துட்டுப் போயி கால் மணி நேரம் மாமா பக்கத்துல உக்காருவேன், அவர் நோட்டு ஒரு பக்கம், என் ஸ்கிரீன் ஒரு பக்கம். போன வாரம் சர்ச் கன்சோல்ல புதுசா ஒண்ணு வந்துருந்துச்சு, ஜமக்காளம் துவைக்கறது எப்படின்னு. படிச்சுக் காட்டினேன். "மொதத் தடவ தனியாப் போட்டு அலசோணும், முறுக்கிப் பிழியக் கூடாது, நெழல்ல காய வெக்கோணும்"னு கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு அவர் சொல்லிட்டே போறார், நான் டைப் பண்ணிட்டு இருக்கேன், பாதிப் பக்கம் ஆயிருக்கு.